வாசகர் கேள்வி பதில்: ஈபே ஏலத்தில் விலை வைப்பது எப்படி?

கேள்வி: கேமரா பழுதுபார்க்கும் தொழில் செய்த என் மாமனார் விட்டுச்சென்ற கேமராக்களை ஈபேயில் விற்று வருகிறேன். 99 சென்டில் தொடங்கினால் கூட்டம் தானாக வரும் என்று தெரிந்தவர்கள் சொன்னதை நம்பி, ஒரு கேனன் ஏஇ-1 கேமராவை ஏழு நாள் ஏலத்தில் விட்டேன். 41 டாலருக்குப் போய்விட்டது. அதே மாடல் 120, 150 டாலருக்கு விற்பதைப் பிறகுதான் கவனித்தேன். மீதமுள்ள மூன்றுக்கும், இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற ரிசர்வ் விலை வைக்கலாமா? (வாசகி ஒருவர், நியூ ஜெர்சி)

பதில்: வைக்கலாம், ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது என்பது என் எண்ணம். அந்த 41 டாலரைச் சற்று உற்றுப் பாருங்கள். ஈபேயில் ஏலம் கேட்பவர் தம்மால் கொடுக்க முடிந்த உச்ச விலையை முன்கூட்டியே எழுதிவைக்கிறார். அவர் சார்பில் கணினி, அடுத்தவரை மிஞ்சுவதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் விலையை ஏற்றிக்கொண்டு போகிறது. 25 டாலருக்கு மேல் 100 டாலருக்குள் அந்த ஏற்றம் ஒவ்வொரு டாலராக நடக்கும். ஆகவே இரண்டாவதாக வந்தவர் பெரும்பாலும் 40 டாலரோடு நின்றிருப்பார்; வென்றவர் 150 வரை எழுதியிருந்தாலும் அவர் கொடுக்க நேர்ந்தது 41தான். விலையைத் தீர்மானிப்பவர் எப்போதும் அந்த இரண்டாம் ஆள். அப்படி ஒருவர் அந்த வாரம் உங்கள் பக்கத்துக்கு வராமல் போனால் பொருள் அடிமாட்டு விலைக்குத்தான் போகும். பலர் தேடி அலையும் அபூர்வப் பொருளுக்கு 99 சென்ட் தொடக்கம் பொருந்தலாம். ஏஇ-1 போன்று 1976 முதல் ஏராளமாக விற்ற கேமராவுக்குப் பொருந்தாது.

ரிசர்வ் விலைக்கு வருகிறேன். அது கேட்பவர் கண்ணுக்குத் தெரியாத அடிவிலை. பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. “ரிசர்வ் எட்டப்படவில்லை” என்ற குறிப்பைக் கண்டதும் பலர் ஒதுங்கியும் விடுவார்கள். தொடக்க விலையையே உங்கள் அடிவிலையாக வைத்துவிட்டால் அதே பாதுகாப்பு செலவில்லாமல் கிடைக்கிறது.

அந்த அடிவிலையை எப்படிக் கணக்கிடுவது? பிற விற்பனையாளர்கள் கேட்கும் விலையைப் பார்க்க வேண்டாம். தேடலில் “விற்றவை” என்ற வடிகட்டியைப் போட்டு, உண்மையில் பணம் கைமாறிய விலைகளை மட்டும் பாருங்கள். பிறகு கழிவுகள். கேமரா 120 டாலர், தபால் செலவு 15, வாங்குபவர் உங்கள் மாநிலத்தவரானால் விற்பனை வரி ஏறத்தாழ 9, ஆக மொத்தம் 144 டாலர். ஈபே தன் கட்டணத்தை இந்த முழுத் தொகையின் மீது கணக்கிடுகிறது. வரிக்கும் தபாலுக்கும் சேர்த்தே கட்டணமா என்று பலர் திகைப்பது இங்கேதான். 13 சதவீதம் என்று வைத்தால் சுமார் 19 டாலர் போய், வரியும் தபாலும் கழிந்து, உங்கள் கைக்கு வருவது 101 டாலர் அளவில் இருக்கும். அந்தத் தொகை உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்ட பிறகே 120 என்று எழுதுங்கள்.

இன்னொன்று: மாமனாரின் மேசையில் ஆறு வோல்ட் பேட்டரி ஒன்று இருந்தால் போட்டு ஷட்டரை இயக்கிப் பாருங்கள். ஏஇ-1 கேமராவில் ஷட்டர் விழும்போது கீச்சென்று சத்தம் வருவது பழகிய குறை. இருந்தால் அதை எழுதிவிடுங்கள். “சோதிக்கப்படவில்லை” என்று எழுதிய கேமராவை வாங்குபவர் பழுதான கேமராவாகவே மதிப்பிடுவார்.

கேள்வி: வாங்குபவர் தம் விலையைச் சொல்லிக் கேட்கும் “பெஸ்ட் ஆஃபர்” வசதியைத் திறந்தால் பாதி விலைக்கும் கீழே கேட்டுத் தொல்லை தருகிறார்கள். மூடிவிடலாமா?

பதில்: மூட வேண்டாம், வேலி போடுங்கள். இன்ன தொகைக்குக் கீழே வந்தால் தானாக மறுக்கவும், இன்ன தொகைக்கு மேல் வந்தால் தானாக ஏற்கவும் அமைப்பில் இரு எல்லைகள் உண்டு. 150 டாலர் விலையிட்ட கேமராவுக்கு 115க்குக் கீழே மறுப்பும், 145க்கு மேல் ஏற்பும் வைத்து, இடைப்பட்டதை நீங்களே பேரம் பேசி மாற்று விலை சொல்லுங்கள். ஏற்கும் எல்லையை 125க்கு இறக்கிவிட்டால், 140 வரை வரக்கூடியவரும் முதலில் 125 கேட்டு உடனே வாங்கிக்கொண்டு போவார். விலையை மாற்றும் நாளில் இந்த இரு எண்களையும் மாற்ற மறந்துவிடாதீர்கள். பலர் நட்டப்படுவது இந்த மறதியால்தான்.

ஏலத்தோடு இந்த வசதியைச் சேர்த்தால், முதல் ஏலக் கேள்வி விழுந்ததும் அது மறைந்துவிடும். ஏலம் முடியக் காத்திராமல் உடனே வாங்குவதற்கான “பை இட் நவ்” விலையும் வழக்கமாக அப்படியே மறையும். அந்த விலை தொடக்க விலையைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் விதி. தொடக்கம் 120 என்றால் 156க்குக் குறையக் கூடாது. 99 சென்டில் தொடங்கியிருந்தால், ஒருவர் விளையாட்டாகக் கேட்ட ஒரு டாலரே உங்கள் நல்ல விலையை அழித்துவிட்டிருக்கும்.

கேள்வி: விலை ஏறாமல் நின்றால் என் தங்கையை ஏலம் கேட்கச் சொல்லலாமா?

பதில்: கூடாது. ஈபே விதிப்படி அது மோசடி, கணக்கே முடக்கப்படலாம். வென்றவர் பணம் கட்டாமல் போனால் நேர்வழி ஒன்று இருக்கிறது: தோற்றவருக்கு “இரண்டாம் வாய்ப்பு” அனுப்பலாம், அவர் கடைசியாகக் கேட்ட விலையிலேயே.