வன்னியின் பெயர் நிலைக்க, சீமைக் கருவேலத்தின் பெயர் மட்டும் மாறியது ஏன்?

கேள்வி: பள்ளி வளாக மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறோம். எங்களிடமுள்ள பழைய நூல் வன்னியையும் சீமைக் கருவேலத்தையும் புரோசோபிஸ் என்றும், கருவேலத்தை அகேசியா நிலோடிகா என்றும் குறிப்பிடுகிறது. கைப்பேசிச் செயலியோ பின்னிரண்டையும் நெல்டுமா ஜூலிஃப்ளோரா, வாசெல்லியா நிலோடிகா என்கிறது. எதை எழுதுவது?

பதில்: செயலி காட்டும் பெயர்களையே எழுதுங்கள். ஒரு பேரினத்திலுள்ள (நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதி) இனங்கள் அனைத்தும் ஒரே மூதாதையின் வழிவந்தவையாக இருக்க வேண்டும் என்பதும், அந்த வழியில் வந்த எதுவும் விடுபடக் கூடாது என்பதும் இன்றைய வகைப்பாட்டியலின் அடிப்படை. 1976இல் தாவரவியலாளர் புர்கார்ட் 44 இனங்களை புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். டி.என்.ஏ. ஒப்பீட்டில், வன்னியும் அமெரிக்கக் கண்டத்து இனங்களும் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவை எனத் தெரிந்ததால், 2022இல் அப்பேரினம் பிரிக்கப்பட்டது.

பிரிக்கும்போது பழைய பெயர் யாருக்கு என்பதை வகைமாதிரி இனமே, அதாவது பேரினப் பெயருக்கு அடையாளமாக நிறுத்தப்பட்ட இனமே, தீர்மானிக்கிறது. லின்னேயஸ் 1767இல் புரோசோபிஸ் என்று பெயரிட்டது வன்னியைக் கொண்டுதான். எனவே வன்னி இன்றும் புரோசோபிஸ் சினெரேரியா. அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக் கருவேலத்திற்கோ, 1838இலேயே தாவரவியலாளர் ராஃபினெஸ்க் சூட்டியிருந்த நெல்டுமா என்ற பெயர் மீட்கப்பட்டது. மரத்தடியில் நின்று மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டைக் காட்டவும் முடியும்: வன்னியின் சிறு முட்கள் கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் சிதறியிருக்கும், சீமைக் கருவேலத்தின் முட்கள் கணுவில், இலைக்கோணத்தில் முளைத்திருக்கும்.

கருவேலத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அகேசியா பேரினமும் இதேபோல் பிரிக்கப்பட்டது; அதன் வகைமாதிரியாக இருந்ததே அந்த மரம்தான். ஆயினும் அதையே வகைமாதிரியாக வைத்திருந்தால் ஏறத்தாழ ஆயிரம் ஆஸ்திரேலிய இனங்களின் பெயரை மாற்ற நேரிடும் என்பதால், 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு வகைமாதிரியை ஆஸ்திரேலிய இனம் ஒன்றுக்கு மாற்றியது. 2011இல் மெல்போர்ன் மாநாட்டிலும் அம்முடிவே நிலைத்தது; கருவேலம் வாசெல்லியா ஆனது. ஆப்பிரிக்காவும் இந்தியாவும் நெடுங்காலம் வழங்கிய பெயரை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. எனினும், பெயர்க்குழப்பத்தைக் குறைத்த முடிவு அதுவே என்று கருதுகிறேன்.

பலகையில் தமிழ்ப் பெயரைப் பெரிதாகவும், அதன்கீழ் தற்போதைய அறிவியல் பெயரைச் சாய்வெழுத்திலும் எழுதி, பழைய பெயரை ‘முன்பு’ என்ற குறிப்புடன் சேர்த்துவிடுங்கள். பழைய நூல்களைப் புரட்டும் மாணவருக்கு அது கட்டாயம் தேவைப்படும். உலர்தாவரத் தாள்கள் (தாவரங்களை உலர்த்தி ஒட்டிப் பெயர் எழுதிய தாள்கள்) இருந்தால், அவற்றிலுள்ள பழைய பெயரை அடிக்காமல், புதுப் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டை அருகே ஒட்டுங்கள். செயலியை மட்டும் நம்பாமல், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்த பிறகே பலகையை எழுதக் கொடுங்கள்.