நானோ வெள்ளி ஃபில்டர் போட்டால் ஆர்.ஓ. வேண்டாமா?

கேள்வி: மதுரை ஆனையூரில் குடியிருக்கிறோம். போர் தண்ணீர், அது போதாதபோது லாரித் தண்ணீர். வீட்டுக்கு வந்த ஒருவர் நானோ வெள்ளி ஃபில்டர் மாட்டினால் கொதிக்க வைக்கவும் வேண்டாம், ஆர்.ஓ.வும் வேண்டாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. ஃபில்டரில் இருக்கும் மிக நுண்ணிய (நானோ) வெள்ளித் துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி பாக்டீரியாவைக் கொல்லும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்குச் சுமார் 0.04 மில்லிகிராம் வெள்ளி கசிந்தாலே போதும் என்று காட்டினார்கள். குடிநீரில் 0.1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டுத் தர அளவு. ஆகவே பயம் வேண்டாம்.

ஆனால் வெள்ளி உப்பை எடுக்காது, கடினத்தன்மையைக் குறைக்காது, ஃபுளோரைடையும் தொடாது. அவற்றை எடுப்பதுதான் ஆர்.ஓ. செய்கிற வேலை.

உங்கள் தண்ணீர் உப்புக் கரிக்குமா? அப்படியென்றால் இன்னொரு சிக்கல். உப்பில் இருக்கும் குளோரைடு வெள்ளி அயனியைப் பிடித்துக்கொள்ளும். கிருமியைத் தாக்கக் கிடைக்கும் வெள்ளி குறைந்துவிடும். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்த ஃபில்டர் உங்கள் வீட்டில் மந்தமாகப் போகலாம். விற்பவர் காட்டும் சான்றிதழ் எந்தத் தண்ணீரில் சோதித்து வாங்கியது என்று கேளுங்கள். நல்ல தண்ணீரில் என்றால் அது உங்களுக்கு உதவாது. கலங்கல் தண்ணீரிலும் இதே கதைதான், முதலில் வடிகட்டியாக வேண்டும்.

சரி, அவர் இரண்டு டம்ளரில் கம்பி விட்டு கரண்ட் கொடுத்துக் காட்டினாரா? உங்கள் தண்ணீர் சாக்கடை போலப் பழுப்பாகியிருக்கும், அவர் கொண்டுவந்தது தெளிவாகவே இருந்திருக்கும். அந்தப் பழுப்பு, இரும்புக் கம்பி கரைந்த துரு. அவருடைய டம்ளரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அவ்வளவுதான். அடுத்த முறை அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள், அவர் பெட்டியை மூடிவிடுவார். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரும் கிருமியைக் காட்டாது. தண்ணீரில் கலந்து குடிக்க வெள்ளிச் சொட்டு மருந்து என்று ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள். நாள்பட்டால் தோல் நீலச் சாம்பல் நிறமாகலாம், திரும்பப் பழைய நிறம் வராது.

உண்மையில் லாரித் தண்ணீரை நிரப்பும் இடத்திலேயே குளோரின் போட்டுச் சோதித்து அனுப்பினால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதை யார் பார்ப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஜன்னலைக் கை காட்டுவார்கள்.

இப்போதைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் போர் தண்ணீரைச் சோதியுங்கள். உப்பும் ஃபுளோரைடும் அளவுக்குள் இருந்தால் வெள்ளி ஃபில்டர் போடலாம், அதிகமென்றால் ஆர்.ஓ. தான். லாரித் தண்ணீர் இறங்கிய தொட்டிக்கு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். குழந்தைக்குக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.