கேடயம் இல்லாத கப்பல்

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் உலகில் நடக்கும் விண்கலச் சண்டைக் கணினி ஆட்டங்களான 'எக்ஸ்-விங்', 'டை ஃபைட்டர்' இரண்டும் ஒரே ஆட்டம்தானே, நாம் ஆடும் கட்சி (முதலாவதில் கிளர்ச்சிக்காரர்கள், இரண்டாவதில் பேரரசு) மட்டும்தானே வேறு?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. எக்ஸ்-விங்கில் (1993) அடி வாங்கினால் லேசர் துப்பாக்கியின் சக்தியை, கப்பலைச் சுற்றிக் காக்கும் கேடயத்துக்குத் திருப்பிவிட்டுச் சமாளிக்கலாம். டை ஃபைட்டரில் (1994) முதலில் கிடைக்கும் கப்பலுக்குக் கேடயமே கிடையாது, எதிரியின் வாலைப் பிடித்து, அவன் வேகத்துக்கே நம் வேகத்தையும் வைத்து ஒட்டிக்கொண்டே சுட வேண்டும், கொஞ்சம் அசந்தால் கதை முடிந்தது. போதாக்குறைக்கு, அங்கி போட்ட ஓர் ஆசாமி காதோடு காதாகத் தரும் ரகசிய வேலைகள் வேறு! எனக்கு இதுதான் உசத்தி.

அப்புறம், 1997இல் வந்த 'எக்ஸ்-விங் வெர்சஸ் டை ஃபைட்டர்' பலர் சேர்ந்து மோதவென்றே செய்தது, தனியாக ஆடுபவருக்குக் கதை என்று எதுவும் இல்லை. 1999இன் 'எக்ஸ்-விங் அலையன்ஸ்' பரவாயில்லை, ஒரே பணிக்குள் வேறோர் இடத்துக்குத் தாவிப் போய்ச் சண்டையைத் தொடரலாம்.