முசுறுக்கு எத்தனை கால்?

கேள்வி: எங்கள் கொய்யா மரத்தில் எடுத்த முசுறு எறும்பின் படத்தை இணைத்துள்ளேன். 50 மி.மீ. லென்ஸுடன் 12, 36 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப்களை (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வரும் வெற்றுக் குழாய்கள்) மாட்டி எடுத்தது. கண் தெளிந்தால் வயிறு மங்குகிறது. லென்ஸ் துளையை எஃப் 22 வரை சுருக்கினேன், மொத்தமும் மங்கல். நெருக்கப் படத்துக்கான மேக்ரோ லென்ஸ்தான் வாங்க வேண்டுமா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: முதலில் ஒரு சேதி, சகோதரி. அது முசுறு இல்லை, சிலந்தி! படத்தைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணுங்கள்: எட்டு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு எறும்பு வேஷம் கட்டியிருக்கிறது. இடுப்பைக்கூட எறும்பு மாதிரி ஒடுக்கி வைத்திருக்கிறது. கண்ணைத்தான் மறைக்க முடியவில்லை. முகத்தின் நடுவே கறுப்பு மணிகளாக இரண்டு பெரிய கண்கள், குதிக்கும் சிலந்திக்கே உரியவை. கடிக்கிற முசுறைக் கண்டு பல பிராணிகள் ஒதுங்கிப் போகும். அந்தப் பயத்தில் இது பிழைக்கிறது. நிஜ முசுறு நெருங்கினால் இதுவே விலகி ஓடும். நானும் வெகுநாள் ஏமாந்தவன்தான். ஒருநாள் இலையிலிருந்து நூல் விட்டுத் தொங்கியது; அன்றுதான் விழித்தேன்.

இனி மங்கலுக்கு வருவோம். உங்கள் டியூப்கள் இரண்டும் சேர்ந்தால், பூச்சி ஏறக்குறைய தன் நிஜ அளவிலேயே, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும். அந்த நெருக்கத்தில் எஃப் 11-இல் தெளிவு கிடைக்கும் ஆழம் சுமார் 1 மி.மீ.தான். எஃப் எண்ணைக் கூட்டித் துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும், உண்மை. ஆனால் டியூப் லென்ஸை முன்னே தள்ளிவிட்டதால் எஃப் 22 ஏறத்தாழ எஃப் 44 ஆகிவிடுகிறது. அத்தனை சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதையும் மழுக்கிவிடும். எஃப் 11-ஐத் தாண்டாதீர்கள். புது லென்ஸ் வாங்கினாலும் அந்த 1 மி.மீ., 2 ஆகிவிடாது. பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பக்கவாட்டில் நின்று, தலையும் வயிறும் சென்சாருக்கு இணையாக வரும்படி எடுங்கள். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துக் கண் தெளியும் நொடியில் அழுத்துங்கள். பத்தில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். வயிற்றில் வெள்ளைத் திட்டு தெரிகிறதே, அது ஃபிளாஷ் வெளிச்சம். அதன் முன்னே ஒரு பட்டர் பேப்பர் கட்டுங்கள். நான் தயிர் டப்பா மூடியால் சமாளிக்கிறேன்.

கேள்வி: தும்பி ஓடாமலிருக்க ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கலாமா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஃப்ரிட்ஜ் தக்காளிக்கு. நீங்கள் விடிகாலையில் எழுந்து தோட்டத்துக்குப் போங்கள். இரவுக் குளிரில் விறைத்த தும்பி, சிறகில் பனித்துளியோடு அப்படியே உட்கார்ந்திருக்கும். வெயில் சிறகில் பட்டதும் பறந்துவிடும். மார்கழி என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம்.