ஜெபர்டி பஸ்ஸர்: பதில் தெரிந்தும் வாய்ப்பு நழுவுகிறதா?

சகோ, அமெரிக்க டிவி வினாடி வினா நிகழ்ச்சியான ஜெபர்டியின் ஒத்திகையில் பாதிக்கு மேல் பதில் தெரிந்தும், பதில் சொல்ல முந்தி அழுத்தும் பொத்தானான பஸ்ஸர் உங்களுக்கு விழவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் கை மெதுவாக இருப்பதல்ல, முந்துவதுதான் காரணம். கேள்வியை வாசித்து முடித்த பிறகுதான் பஸ்ஸரைத் திறப்பார்கள். அப்போது கேள்விப் பலகையின் இருபுறமும் விளக்கு எரியும். அதற்கு முன் அழுத்தினால் உங்கள் பஸ்ஸர் கால் நொடி பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் போட்டியாளர் முந்திக்கொள்ள அது தாராளம்.

விளக்குக்காகவே காத்திருந்தாலும் சற்றுப் பிந்தும். கேள்வி தெரிந்ததும் கண்ணால் படித்து முடித்துவிடுங்கள். பிறகு காதை மட்டும் தீட்டி, கடைசி வார்த்தை முடிந்து ஓர் இமைப்பொழுது விட்டு அழுத்துங்கள். ஒரு தட்டோடு நிறுத்தாதீர்கள். முதல் தட்டு முந்திப் பூட்டினாலும், பூட்டு விலகியதும் அடுத்தது பதிவாகும்.

வீட்டில் தடித்த கிளிக் பேனா போதும். பழைய நிகழ்ச்சியை ஓடவிட்டு, நின்றுகொண்டே கட்டைவிரலால் பழகுங்கள். சோபாவில் சாய்ந்து பழகிய கை அரங்கில் உதவாது.

உங்கள் பெயரை அழைத்தபின் பதில் சொல்ல 5 நொடி உண்டு. இங்கே பதிலை "அது என்ன?", "அவர் யார்?" என்பதுபோல் கேள்வியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றில் கேள்வி வடிவில் சொல்ல மறந்தால் நினைவூட்ட மாட்டார்கள், தவறுதான்.

கடைசிக் கேள்விக்கு அவரவர் தொகையிலிருந்து பந்தயம் வைக்க வேண்டும். அப்போது நீங்கள் 12,000, முதலிடம் 18,000, மூன்றாமவர் 6,000-க்குக் கீழ் என்றால் எதுவும் வைக்காதீர்கள். முதலிடக்காரர் உங்கள் இரட்டிப்பான 24,000-ஐத் தாண்ட 6,001 வைப்பார். தவறினால் 11,999-க்கு இறங்குவார், உங்கள் 12,000 வெல்லும்.