முள்சீத்தாச் சாற்றைப் பிரித்ததும் வீரியம் எங்கே போனது?

பினாங்கு குளுகோரிலிருந்து ஒரு முதுகலை மாணவி கேட்கிறார்: "பட்டர்வொர்த்தில் பாட்டி வீட்டு முள்சீத்தா (டுரியான் பெலாண்டா) இலையை மெத்தனாலில் ஊறவைத்தேன். அந்தச் சாறு மில்லிலிட்டருக்கு 18 மைக்ரோகிராமிலேயே மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் பாதியைக் கொன்றது. சிலிக்கா தூள் நிரப்பிய குழாயில் ஓட்டிப் பகுதி பகுதியாக (ஃபிராக்‌ஷன்) பிரித்து, யூவி விளக்கில் பளிச்சென்று புள்ளி தெரிந்த நான்கு ஃபிராக்‌ஷன்களைச் சோதித்தால் 100 மைக்ரோகிராமைத் தாண்டியும் செல்கள் சாகவில்லை. சிலிக்கா மருந்தைக் கெடுத்துவிட்டதா அண்ணா?"

சிலிக்காவைத் திட்டாதீர்கள் தங்கச்சி, எனக்கு விளக்கின் மேல்தான் சந்தேகம். முள்சீத்தாவில் செல்லைக் கொல்வதில் பேர்போனவை அன்னோனசின் போன்ற அசிட்டோஜெனின்கள். கொழுப்பு அமிலம் மாதிரி நீளமான கார்பன் சங்கிலி, அதன் நுனியில் ஒரு லாக்டோன் வளையம், 254 நானோமீட்டர் ஒளியை உறிஞ்ச அதில் பெரிதாக எதுவும் இல்லை என்பதால் அது உட்கார்ந்திருக்கும் இடம், யூவி விளக்கில் பார்க்கும் சிலிக்கா பூசிய சோதனைத் தட்டில் வெறுமையாகத்தான் தெரியும். பளபளத்ததெல்லாம் பெரும்பாலும் ஃபிளேவனாய்டும் பச்சையமும்தான். மெழுகு மாதிரி ஒட்டுகிறதே என்று எதையாவது ஒதுக்கி வைத்தீர்களா? அதை முதலில் வெளியே எடுங்கள். அதைத் தட்டில் ஓட்டி, பாஸ்போமோலிப்டிக் அமிலம் தெளித்துச் சூடாக்கினால் கருநீலப் புள்ளி வரும். இன்னொரு தட்டில் கெடே கரைசல் தெளித்து இளஞ்சிவப்பு வந்தால் அந்த லாக்டோன் இருக்கிறது என்று அர்த்தம்.

சிலிக்கா மேல் இன்னும் சந்தேகமா? எல்லா ஃபிராக்‌ஷனையும் எடை போடுங்கள். 2 கிராம் ஏற்றி 1.2 கிராம்தான் வந்திருந்தால் மிச்சம் குழாயிலேயே கிடக்கிறது, மெத்தனால் விட்டுக் கழுவுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் வந்த விகிதத்திலேயே கலந்து சோதியுங்கள், பழைய வீரியம் திரும்பினால் எதுவும் கெடவில்லை.

செல் உயிரோடிருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அசிட்டோஜெனின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உருவாக உதவும் முதல் புரதக் கூட்டமைப்பை அடைக்கும், எம்டிடி நிறமோ செல்லின் வளர்சிதை மாற்றத்தை நம்பியது, ஆகவே சோர்ந்து கிடக்கும் செல்லும் செத்த செல்லாகத் தெரியும். செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் நீலம் போட்டு எண்ணிப் பாருங்கள். கூடவே ஒப்பிட்டுப் பார்க்கப் புற்றுநோய் இல்லாத செல் ஒன்றும் வேண்டும். மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறைமானியில் 619 தெரிந்ததும் அன்னோனசின் என்று குதிக்க வேண்டாம், சோடியத்தோடு சேர்ந்தால் அதே எடை காட்டும் உடன்பிறப்புகள் நிறைய, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் எடுத்தே ஆக வேண்டும்.

சரி, பாட்டி அந்த இலையைத் தினமும் கொதிக்கவைத்துக் குடிக்கிறாரா? குவாடலூப் தீவில் இந்தப் பழமும் இலைத் தேநீரும் அதிகம் புழங்கியவர்களிடம் வழக்கமில்லாத பார்க்கின்சன் வகை நோய் காணப்பட்டதாக 1999-ல் ஆய்வு வந்தது. எலிகளுக்கு அன்னோனசின் செலுத்தியபோது மூளை நரம்புச் செல்கள் அழிந்தன. பாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.