கையில் காசு நிற்குதா? வீட்டுக் கணக்கு பற்றிக் கேள்வி பதில்

வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். தவணைக் கணக்கெல்லாம் 8.5% வட்டி வைத்துப் போட்டது, உங்கள் வங்கியில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

தாம்பரத்திலிருந்து: சார், வயசு 34, கைக்கு 85,000 வருது, வாடகை 14,000. ஒரு பழைய ஃப்ளாட் 55 லட்சம் சொல்றாங்க. சேமிப்பு 14 லட்சம் இருக்கு, பேங்க்ல 44 லட்சம் தர்றேன்னுட்டாங்க. வாங்கிடலாமா?

அவர்கள் தருவது வேறு, நீங்கள் கட்டுவது வேறு தம்பி. 44 லட்சத்துக்கு 20 வருடம் என்றால் தவணை மாதம் 38,000 தாண்டும், சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி. சரி, அதையாவது இழுத்துப் பிடித்துக் கட்டுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம், முதலில் கைக்காசைப் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80%க்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, அதனால் 11 லட்சம் உங்களுடையது. அப்புறம் பத்திரப்பதிவு: முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக இன்னொரு 4.95 லட்சம், இதை வங்கி வீட்டு மதிப்போடு சேர்த்துக்கொள்ளாது. 16 லட்சம் ஆயிற்றா? இருப்பதோ 14. மிச்சத்துக்கு வீட்டம்மா நகை அடகுக்குப் போகும், பர்சனல் லோன் வரும், வீட்டுக்குள் போன முதல் மாதமே மூன்று தவணை.

நான் சொல்வது இது. இன்றிலிருந்து ஒரு வருடம் வாடகை போக மாதம் 24,000 ரூபாயை ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பில், போடுங்கள், தவணை கட்டுவதாகவே நினைத்துக்கொண்டு. நடுவில் ஒரு மாதம் கூட விடாமல் போட முடிந்தால் உங்களால் தவணை கட்ட முடியும், கையிலும் 17 லட்சம் சேர்ந்திருக்கும். அப்போதும் 55 வேண்டாம், 45 லட்சத்தில் தேடுங்கள். தவணை 31,000 சொச்சம், பதிவெல்லாம் முடிந்து நாலு லட்சம் கையில் நிற்கும். அந்த நாலு லட்சத்தைப் பெயின்ட், மாடுலர் கிச்சன் என்று தொடாதீர்கள்.

அதே கேள்வியின் வால், இன்னொருவரிடமிருந்து: 30 வருஷம் போட்டா தவணை குறையுமே?

குறையும். 40 லட்சத்துக்கு 20 வருடம் என்றால் 34,713, 30 வருடம் என்றால் 30,757. மாதம் நாலாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் மொத்தத்தில் 27 லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள். இந்த ஒரு வரியை வங்கியில் யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன்தான்.

பேங்க் வக்கீல் பத்திரம் பார்த்துட்டார், நாங்க தனியா வேற பார்க்கணுமா?

பாருங்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, ஃப்ளாட் என்றால் பிரிபடாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி, இவ்வளவையும் உங்கள் ஆள் ஒருவர் பார்க்கட்டும். அங்கே போகும் சில ஆயிரம் வீண் செலவில்லை.

திருச்சியிலிருந்து: அண்ணா, கடன் வாங்கி நாலு வருஷம் ஆச்சு. அவருக்கு போனஸ் வந்திருக்கு. அதைக் கடனில் கட்டுறதா, எஃப்.டி.யில் போடுறதா? முன்கூட்டியே கட்டினா அபராதம்னு சொல்றாங்க.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு அபராதம் கிடையாதும்மா, 2012லிருந்தே. ஆறு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அது, கடன் அப்புறம். இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள், எஃப்.டி. வட்டி கடன் வட்டியைத் தொடாது. கட்டும்போது தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். ஆரம்ப வருடங்களில் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. 40 லட்சக் கடனில் முதல் தவணையில் அசலுக்குப் போவது 6,380 ரூபாய்தான். வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டி வந்தால் 20 வருடக் கடன் மூன்று வருடத்துக்கும் மேல் முன்னதாக முடியும். கடைசித் தவணை முடிந்தால் 30 நாளுக்குள் பத்திரம் திரும்ப வர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள்தான் தர வேண்டும்.

நெல்லையிலிருந்து: ஆடம்பரமே கிடையாது சார், ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கிறதில்ல. நோட்டு போட்டு எழுதியும் பார்த்தாச்சு.

நோட்டில் பாலும் காய்கறியும் எழுதியிருப்பீர்கள். ஓட்டை அங்கே இல்லை. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், அரையாண்டுக்கு ஒருமுறை வீட்டு வரி, வண்டி இன்சூரன்ஸ், தீபாவளித் துணி, கொடை விழா வரி, அப்புறம் வைகாசி, ஆவணி வந்தால் வரிசையாகப் பத்திரிகை. இதெல்லாம் திடீர்ச் செலவே கிடையாது, எந்த மாதம் வரும் என்று நமக்கே தெரியும், தெரிந்தும் அந்தந்த மாதச் சம்பளத்தில் கை வைக்கிறோம். எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். ஒன்றரை லட்சம் வந்தால் மாதம் 12,500, சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மீதிதான் உங்கள் சம்பளம்.

மொய்யைத் தனியாகச் சொல்கிறேன், அது அன்பளிப்பு இல்லை, நமக்கு ஏற்கெனவே வந்த கடன். உங்கள் வீட்டு விசேஷத்து மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள், யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும், யார் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அப்படியே தெரியும். அடுத்த இரண்டு வருடப் பட்ஜெட் அதிலேயே இருக்கிறது!

நகைச்சீட்டு நல்லதா?

எப்படியும் நகை வாங்கத்தான் போகிறீர்கள், கடையும் பழகிய கடை, சேதாரம் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே எழுதித் தருகிறார்கள் என்றால் சரி. சேமிப்பு என்று நினைத்துப் போடாதீர்கள். வங்கியில் போட்டால் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. கடைக்காரர் ஷட்டரை இறக்கினால் அப்படி எதுவும் கிடையாது.

ஓசூரிலிருந்து: 52 வயசு, தனியார் கம்பெனி. பி.எஃப்.ல 18 லட்சம் இருக்கு. பொண்ணு கல்யாணத்துக்கு 8 லட்சம் எடுக்கலாம்னு இருக்கேன். பென்ஷன்தான் வருமே?

அந்தப் பென்ஷன் எவ்வளவு என்று பார்த்தீர்களா சார்? நீங்கள் என்ன சம்பளம் வாங்கினாலும் பெரும்பாலானவர்களுக்குக் கணக்கில் எடுப்பது 15,000 ரூபாய் உச்சவரம்பைத்தான், அதைச் சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 20 வருடம் முடித்தவர்களுக்கு இரண்டு வருடம் கூட்டிக் கொடுப்பார்கள், அதையும் சேர்த்து 25 வருடச் சேவைக்கு 5,786, அதற்கு மேல் போகாது. கேஸ், கரண்ட், மாத்திரைக்குச் சரியாகப் போகும்.

பி.எஃப். வட்டி 2024-25க்கு 8.25%. இதே வட்டி நீடித்தால் இன்றைய 18 லட்சம், புதிதாக ஒரு பைசா சேராவிட்டாலும், 58 வயதில் ஏறக்குறைய 29 லட்சம். எட்டை எடுத்தால் 16 லட்சம்தான். இன்று எடுக்கும் எட்டு லட்சத்தின் விலை அன்றைக்குப் பதின்மூன்று லட்சம் சார். 58ல் ஓய்வு பெற்றவர்கள் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம், உச்சவரம்பு 30 லட்சம், 2023 ஏப்ரலிலிருந்து 8.2% தருகிறார்கள். 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். உங்கள் இரண்டு பேர் சாப்பாடு அதில் ஓடும். மண்டபத்தைச் சின்னதாக்குங்கள், பத்திரிகையைக் குறையுங்கள். பெண்ணிடமே உட்கார்ந்து கணக்கைக் காட்டிப் பேசுங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியும்.

மதுரையிலிருந்து: ஐயா, எனக்கு 68 வயசு. சொந்த வீடு ஒண்ணு. மகன் தன் பேருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்றான். நல்ல பையன்தான்.

நல்ல பையனாகவே இருக்கட்டும், உயில் எழுதுங்கள். தான செட்டில்மென்ட் பதிவானால் வீடு அன்றைக்கே அவருடையது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் செல்லும், இருக்கும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். எழுதித்தான் கொடுப்பேன் என்றால், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்காமல் விட்டால், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ன் 23வது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம், நிபந்தனை எழுத்தில் இருந்தால் உங்கள் பக்கம் வலு அதிகம்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். சொத்தில் பங்கு வராத இரண்டு பேர் சாட்சியாக இருக்கட்டும், உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள்.